நான் லைன்லயே இருக்கேன்

"சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டானாம். போனில் வந்தவன் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் கேட்டானாம். ஆட்டோவில் வரும்போது பக்கத்து வீட்டு ஆவுடை அத்தை இதைச் சொன்னாள். சொல்லும்போது அழக்கூட இல்லை. மடியிலிருந்த மஞ்சப்பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். "பெத்த பிள்ள வாரத்துக்கு ஒருக்கா போன் போட்டா என்னம்மா, சரிம்மா, வைக்கேம்மாங்கான். இவன் கேட்டாம்ட்டி. இன்னும் சாப்பிடலய்யான்னேன். மணி ஒண்ணாகப் போகுதேம்மா, இப்படி இருந்தா உடம்பு என்னத்துக்காகும்ங்கான்." அப்போதே மங்கையர்க்கரசிக்கு அந்தப் பேச்சு எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது. ஆட்டோவின் இரைச்சலில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மனுஷி எதை வேண்டுமானாலும் எதுவாகவும் நினைத்துக்கொள்ளலாம், வழி நெடுக நினைத்துக்கொண்டேதான் வந்தாள். இப்போது மணி பத்தே முக்கால். சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில், ஓட்டை ஓட்டையாய் இருக்கும் இரும்பு பெஞ்சில், அத்தையும் அவளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். டோக்கன் பதினாலு. உள்ளே ஒன்பது ஓடுகிறது. ஒன்பதாம் நம்பர்காரர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு ஏதோ கத்துகிறார், அவருக்கு என்ன போச்சோ. தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் எங்கே போகிறதென்று தெரியவில்லை. அத்தையின் தோள் சுடுகிறது. நான்கு நாளாய் ஒழுங்காய்ச் சாப்பிடாத உடம்பு. காலையில் இரண்டு இட்லியைப் பிட்டு வைத்து, "தின்னுட்டுக் கிளம்புங்க அத்தை" என்று மங்கை நின்றுகொண்டே இருந்தும் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை.

சாப்பிட்டீங்களா என்று கேட்காதவர்கள் இந்த ஊரில் யார்? பால்காரர் கேட்கிறார். கேஸ் போட வருகிறவர் கேட்கிறார். கல்யாணத்தில் முகம் தெரியாத ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். திருடனும் இந்த ஊர்க்காரன்தானே, கேட்டுவிட்டுப் போகிறான், அதற்கு நான் என்ன செய்ய. இப்படித்தான் மார்க்கெட் ஸ்டாப் வரைக்கும் மங்கை தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தாள். பாலம் ஏறும்போது அத்தை அடுத்ததைச் சொன்னாள். "கண்ணாடிய எடுத்துட்டு வாங்கம்மா, ஒரு நம்பர் வரும், படிக்கணும்ன்னான். எனக்குப் படபடன்னு வந்துட்டு. அது அவனுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, பதறாதீங்கம்மா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு நிதானமா வாங்க, நான் வச்சிட மாட்டேன், லைன்லயே இருக்கேன்னு சொன்னாம்ட்டி." ஒரு வாய் தண்ணி. நிதானமா வாங்க. லைன்லயே இருக்கேன். வார்த்தைக்கு வார்த்தை, முன்பின் மாறாமல். பாலத்துக்குக் கீழே ஆறு ஓடியது, எருமைகள் முங்கிக் கிடந்தன. மங்கைக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடி எங்கே போக? அந்த வரி அவளுடையது. போன தை மாதம், பிற்பகல் மூன்று மணிக்கு, அடுப்படி மேஜையில் லேப்டாப்பை வைத்து, அவள் யோசித்து யோசித்து எழுதிய வரி. அந்த ஃபைல் இன்னும் இந்த போனில், இந்தக் கைப்பைக்குள், மெயிலில் கிடக்கிறது. அனுப்பியவனுடைய முகவரி, அவன் பேசிய நம்பர், கூலி போட்டுவிட்ட அக்கவுண்ட், எல்லாம் கிடக்கிறது. அத்தையிடம் பேசினவன் யார், எங்கிருந்தான் என்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது. அவனிடம் போய்ச் சேருகிற ஒரே ஒரு நூல் இருக்கிறதென்றால் அது மங்கையின் மடியில் இருக்கிறது. அதை எடுத்து நீட்டினால் நீட்டுகிற கை யாருடையது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிந்துபோகும்.

வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு. பதினோரு வருஷமாய் இதுதான் பிழைப்பு. மிக்ஸி கையேடு, மாத்திரை அட்டைக்குள் மடித்து வைக்கும் தாள், இன்ஷூரன்ஸ் விதிமுறை, யாரும் படிக்காத எழுத்தாய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை. ஒரு வார்த்தையாவது ஆள் வாயில் வருகிற மாதிரி எழுதினால் உடனே மெயில் வரும், பேச்சு வழக்கு வேண்டாம் மேடம், தரமான தமிழ் வேண்டும் என்று. அப்படி இருந்தவளுக்குப் போன தையில் ஒரு ஏஜென்சிக்காரன் போன் பண்ணி, "மேடம், கஸ்டமர் கேர் பிள்ளைங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குற மெட்டீரியல். புக்குத் தமிழ் வேண்டாம். வீட்ல பேசுற மாதிரி இருக்கணும். கேக்குறவங்க மனசு இளகணும். ரேட்டு டபுள்" என்றான். மனசு இளகணும்! பதினோரு வருஷத்தில் ஒருத்தன் அப்படிக் கேட்டதில்லை. ரேட்டை விட அதுதான் அவளை விழுங்கியது. அறிகுறி தெரியாமலா இருந்தது? தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டிக்க அனுமதிக்காதீர்கள் என்று ஒரு வரி இருந்தது. மகன், மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன பதில் சொல்வது என்று தனியாக ஒரு பக்கமே இருந்தது. அழுதால் குறுக்கிட வேண்டாம், அழுது முடிக்கட்டும், பிறகு தொடரவும் என்று இருந்தது. எந்த கஸ்டமர் கேரில் கஸ்டமர் அழுகிறார்? மங்கையின் விரல் அந்த வரியில் நின்றது. காபி போட எழுந்து போனாள். டம்ளரைக் கழுவினாள், கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். வந்து உட்கார்ந்து அந்த வரியையும் மொழிபெயர்த்தாள். அடைப்புக்குறிக்குள் போட்டு, 'அழ விடவும், அவசரப்படுத்த வேண்டாம்' என்று எழுதினாள். ஏஜென்சிக்காரனிடம் ஒரே ஒரு தரம் கேட்டாள், இது நிஜமாகவே ட்ரெய்னிங்குக்குத்தானே என்று. "அய்ய, ஆமா மேடம்" என்று அவன் சிரித்தான். அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஆமாதான், கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். வந்த கூலியில் வாஷிங் மெஷின் வாங்கினாள். மெஷின் வந்த அன்றைக்கு அத்தை வந்து மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே கையை விட்டுச் சுற்றிப் பார்த்து, "எம் போர்வையையும் ஒருநாள் போட்டுத் தாட்டி, தூக்கிப் பிழிய முடியல" என்றாள். மாதம் ஒரு தடவை போட்டுக் கொடுக்கிறாள். போன வாரம்கூடப் போட்டுக் கொடுத்தாள்.

அதுவாவது போகட்டும். அதுவாவது தெரியாத ஊரில் தெரியாத ஆளுக்குப் போய்ச் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தை? அதற்கு என்ன சொல்லித் தப்பிப்பது? இங்கிலீஷில் லைஃப் சர்டிபிகேட் என்று இருந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று கருவூலத்தில் போய்க் காட்டிவிட்டு வர வேண்டுமே, அது. மங்கை முதலில் வாழ்நாள் சான்றிதழ் என்று போட்டாள். நன்றாக இல்லை. உயிர்ச் சான்று என்று மாற்றினாள். அதுவும் வாயில் நிற்கவில்லை. பிறகு எழுந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். ஒரே காம்பவுண்டு, நடுவில் இடுப்புயரச் சுவர். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அத்தை, வருஷா வருஷம் கருவூலத்துக்குப் போயிட்டு வாரீங்கள்ளா, அத என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "நேர்காணல்னு சொல்லுவோம்ட்டி. நேர்காணலுக்குப் போவாம விட்டா நம்மள செத்துட்டதா எழுதிருவானுவோ. எதுக்கு கேக்க?" "சும்மாதான் அத்தை, ஒரு வேலைக்கு." "கேட்டுக்க, கேட்டுக்க. எங்க வீட்டு அவ்வொ மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தப்போ எந்த ஆபீசு பேப்பரா இருந்தாலும் எனக்கு வாசிச்சுக் காட்டுவாவ" என்று சிரித்துக்கொண்டு, ஒரு கைப்பிடி கீரையும் கொடுத்துவிட்டாள் அந்த மனுஷி. அந்தக் கீரையை அன்று ராத்திரி அடை தட்டிச் சாப்பிட்டார்கள். வாழ்நாள் சான்றிதழ் என்று அவன் சொல்லியிருந்தால் அத்தைக்குப் புரிந்திருக்காது, "யாருய்யா நீ" என்று கேட்டு வைத்திருப்பாள். நேர்காணல் என்றான். நேர்காணலுக்கு நீங்க வரலம்மா, கம்ப்யூட்டர்ல நீங்க இறந்துட்டதா காட்டுது என்றான். அத்தைக்குக் கைகால் ஓடவில்லை. அதோடு விட்டாளா மங்கை? ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆள் என்று ஒருவரை எதிரே வைத்துக்கொண்டால்தான் வசனம் அமையும். எதிரே யாரை வைத்துக்கொண்டாள்? சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தவளைத்தான். ஆவுடை அத்தை இதை நம்புவாளா? ம்ஹூம், இன்னும் கொஞ்சம் தணிவாய்ச் சொல்லணும். இப்போ? இப்போ நம்புவாள். ஒவ்வொரு வரிக்கும் அப்படித்தான் சோதித்துச் சோதித்து அனுப்பினாள். பாவி. படுபாவி. அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, சட்டை அவளுக்கே எப்படிப் பொருந்தியது என்று ஆட்டோவில் திகைக்கிறாளாம்.

எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து மங்கை அதைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறாள். கண் அங்கேதான் போகிறது. 'நிதிசார் மோசடிகள் குறித்து விழிப்புடன் இருப்பீர். ஒருமுறைக் கடவுச்சொல்லினை எவரொருவருடனும் பகிர்தல் தவிர்க்கப்பட வேண்டும்.' தவிர்க்கப்பட வேண்டும்! அதுவும் அவள்தான். அதே தை மாதம், அதற்கு முந்தின வாரம், ஒரு பேங்க்குக்காக இன்னொரு ஏஜென்சி கொடுத்த வேலை, பாதி ரேட்டு. அவள் முதலில் நன்றாகத்தான் எழுதினாள். 'போன்ல வர்ற நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. உங்க பிள்ளை மாதிரிப் பேசினாலும் சொல்லாதீங்க. சந்தேகமா இருந்தா வச்சிடுங்க. போனை வைக்கிறது மரியாதைக் குறைவு இல்ல' என்று எழுதினாள். கொச்சையாக இருக்கிறது, கண்ணியமான நடையில் தரவும் என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, எக்கேடும் கெட்டுப் போங்க என்று அரை மணி நேரத்தில் கண்ணியமாய் அடித்துத் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனாள். அத்தை அந்தப் போஸ்டரைத்தான் கால் மணி நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழுத்துக் கூட்டி, உதடு அசைய. "என்னட்டி போட்டிருக்கு அதுல?" என்று இப்போது கேட்கிறாள். "ஒண்ணுல்ல அத்தை. நம்பர யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு." "அத அப்படியே போட்டா என்னவாம்?" என்கிறாள் அத்தை. பேங்க்கிலும் அது ஒட்டியிருக்கிறதாம், மாதா மாதம் பென்ஷன் எடுக்கப் போகும்போது அதற்குக் கீழேதான் உட்காருவாளாம், ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். திருடனுக்கு உயிரைக் கொடுத்து எழுதினாள், காவலுக்கு எழுதினதில் உப்பில்லை. இரண்டும் ஒரே லேப்டாப், ஒரே கை. மங்கைக்கு வாயில் கசந்துகொண்டு வந்தது. எழுந்து போய் டிரம்மில் தண்ணீர் பிடித்தாள். டம்ளர் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு நிதானமா வாங்க. குடிக்க முடியவில்லை, கீழே ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பதினொன்று இருபதுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தாள். முப்பது வயதிருக்கும், தூக்கம் போதாத முகம். "பதினாலு யாரும்மா? என்னைக்குப் போச்சு?" என்றாள். "திங்கக்கிழம" என்றாள் அத்தை, தப்புச் செய்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று. "இன்னைக்கு வெள்ளி. போன உடனே 1930-க்குப் போன் பண்ணிருந்தா போய்ச் சேந்த பேங்க்லயே பணத்த நிறுத்தி வச்சிருக்கலாமேம்மா. முதல் ஒரு மணி நேரந்தான் முக்கியம். நாலு நாள் என்ன பண்ணுனீங்க?" அத்தை என்ன பண்ணினாள் என்று மங்கைக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நேற்று சாயங்காலம் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்து நாறுவதைப் பார்த்துவிட்டு மங்கை தட்டித் திறந்த பிறகுதான், பணம் போயிட்டுட்டி, போன்ல போயிட்டு என்ற அளவுக்கு வாயைத் திறந்தாள். உடனே மங்கைதான் அந்த நம்பருக்குப் போட்டுப் பதிந்தாள், பணம் போன விவரம் மட்டும் கேட்டார்கள், காலையில் ஸ்டேஷனுக்கும் போங்கள் என்றார்கள். "வெக்கமா இருந்துதும்மா" என்றாள் அத்தை இப்போது போலீஸ்காரியிடம். "வெக்கப்பட வேண்டியது அவனுங்கதான், நீங்க எதுக்கு? எவ்வளவோ படிச்சவங்க, டாக்டருங்க வந்து இதே பெஞ்சுல உக்காருறாங்க. அவனுங்க பேசுறது சும்மா பேச்சில்லம்மா, எழுதி வச்சுப் படிப்பானுங்க. எந்த எடத்துல என்ன சொன்னா ஆள் மடங்கும்னு எல்லாம் எழுதியிருக்கும்." அத்தை அப்படியே நின்றாள். "எழுதியா?" "ஆமா. அதனால அவன் பேசுனது ஞாபகம் இருக்குற வரைக்கும் ஒண்ணு விடாம இந்தப் பேப்பர்ல எழுதிக் குடுங்க. ஒரே மாதிரி பேச்சு வேற கம்ப்ளெயிண்ட்லயும் வந்திருந்தா ஒரே கூட்டம்னு கண்டுபிடிக்கலாம். பணம் வருமான்னு என்னைக் கேக்காதீங்க. முயற்சி பண்ணுவோம்." நாலு வெள்ளைத்தாளையும் ஒரு பேனாவையும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அத்தை மெல்ல உட்கார்ந்தாள். "எழுதி வச்சாட்டி படிச்சான்? எங்கிட்டப் பேசலியா அவன்?" பணம் போனதைவிட அது பெரிய அடி என்பது முகத்தில் தெரிந்தது. "யாருட்டி உக்காந்து இப்படி எழுதுவா? ஒரு தாயோட வயித்துல பொறந்தவனா இருப்பானா அவன்? அவன் கை அழுகிப் போவும், பாத்துக்க. அவன் எழுதுன கை புழுத்து அழுகிப் போவும்." மங்கை தன் கைகளைப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

அழித்துவிட்டால்? மெயிலைத் திறந்து, அந்தப் பெயரைத் தட்டி, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் முடிந்தது. கைப்பைக்குள்ளேயே போனைத் திருப்பி, அந்த மெயில் வரைக்கும் போய்விட்டாள். 'சூப்பர் மேடம். ரொம்ப நேச்சுரலா இருக்கு' என்று கடைசியாய் அவன் அனுப்பியது மேலே நிற்கிறது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு அவள் அடுப்படியில் தனியாய்ச் சிரித்தாளே, அது ஞாபகம் வந்தது. அழித்தால் யாருக்குத் தெரியும்? ஏஜென்சிக்காரன் வந்து சொல்லப் போகிறானா? காட்டினால் என்ன ஆகும்? உன்னையும் கேஸில் சேர்ப்பார்கள். கூலி வாங்கியிருக்கிறாய், அதுவும் டபுள். தெரியாமல் செய்தேன் என்பாய், அழுதால் அழ விடவும் என்று எழுதினவளுக்கு என்ன தெரியாது என்று கேட்பார்கள், அப்போது என்ன சொல்வாய்? லாரி புக்கிங் ஆபீஸில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற புருஷனுக்கு போன் போகும், உங்க வீட்டம்மா இங்க இருக்காங்க என்று. காம்பவுண்டில் ஆறு குடித்தனம். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி வீட்டில். அதெல்லாம் போகட்டும், அத்தை? சுவருக்கு இந்தப் பக்கம் இருமல் கேட்டால், என்னட்டி மருந்து குடிச்சியா என்று கேட்கிற அத்தை? போன பணம் எதற்கு வைத்திருந்த பணம் என்று நேற்றுதான் சொன்னாள். "நான் செத்தா எடுத்துப் போடுததுக்குட்டி. பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாதுன்னு அவ்வொ போன நாள்லருந்து ஒதுக்கி வச்சது. அதையும் நான் செத்துட்டேன்னு சொல்லியே வாங்கிட்டுப் போயிட்டான்." நேற்று ராத்திரி மகன் கோயம்புத்தூரிலிருந்து போனில் கத்தினானாம், ஒனக்குப் புத்தி எங்கம்மா போச்சு, இனிமே ஏ.டி.எம். கார்டு ஒங்கிட்ட இருக்கக் கூடாது, ஒன்னைய இனிமே தனியா விட முடியாது, இங்க வந்து கெட என்று. நாற்பது வருஷம் இருந்த ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு, மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, புத்தி பேதலித்தவள் என்ற பேரோடு. மங்கையின் கட்டைவிரல் குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் நின்றது. எவ்வளவு நேரம் நின்றதோ. "எழுதுதியாட்டி? சொல்லட்டா?" என்று அத்தை முழங்கையைத் தொட்டாள். விரலை எடுத்துவிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதினாள். அத்தை சொல்லச் சொல்ல, பையைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். அனுப்புநர், பெறுநர், அய்யா. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு. சாப்பிட்டீர்களா என்று கேட்டார் என்று எழுதப் போனவள் அடித்துவிட்டு, அவன் சொன்ன மாதிரியே, சாப்பிட்டீங்களாம்மா என்று எழுதினாள். அத்தை நின்று நின்று சொன்னாள். நடுநடுவே தொலைந்துபோனாள். "அப்புறம் என்ன சொன்னான்? இரு, மறந்துட்டு. ஆங், எங்க அம்மாவுக்கும் போன வருசம் இப்படித்தான் ஆச்சு, நான்தான் அலைஞ்சு சரிபண்ணிக் குடுத்தேன்னான்." சொல்கிற வேகத்தைவிடக் கை வேகமாய்ப் போயிற்று. கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நம்பர் வந்ததாம், அவனிடம் படித்தாளாம். இன்னொரு நம்பர் வந்ததாம், அதையும் படித்தாளாம். "அவ்வளவுதாம்ட்டி. வச்சிட்டான்" என்றாள் அத்தை. மங்கை எழுதிக்கொண்டே இருந்தாள். தலை எங்கேயோ இருந்தது. டெலிட் பண்ணலாமா, உள்ளே போய்த் தனியாய்ச் சொல்லலாமா, அத்தைக்குத் தெரியாமல் சொல்ல ஒரு வழி இருக்குமா என்று சுற்றிச் சுற்றி வந்தது. தலை சுற்றச் சுற்றக் கை தன் பாட்டுக்கு ஓடியது. முடித்து, "ஒரு கையெழுத்துப் போடுங்க அத்தை" என்று நீட்டினாள். அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். கம்பவுண்டர் பெண்டாட்டி, வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள், திங்கட்கிழமை வரைக்கும் அது அவளுக்கு ஒரு பெருமை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாய் வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. உதடு அசைந்தது. "சாயங்காலம் வெளக்கேத்தும்போது என்னையும் ஒரு வார்த்த நெனச்சுக்கோங்கம்மா என்று சொல்லிவிட்டு வைத்தார்." திரும்பவும் வாசித்தாள். மங்கை அப்போதுதான் பார்த்தாள், அது அந்த ஃபைலின் கடைசி வரி.

"இத நான் சொன்னனாட்டி?" என்றாள் அத்தை. குரலில் சந்தேகம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "இத யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னுல்லா இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் வெளக்கேத்தி வச்சு, யாரு பெத்த பிள்ளையோ நல்லா இருக்கணும்னு அவனுக்காவக் கும்பிட்டேம்ட்டி. பணம் போனது மறுநாதான தெரியும். அதச் சொன்னா காறித் துப்புவாவன்னு மகங்கிட்டக்கூடச் சொல்லல. ஒங்கிட்டச் சொல்லிட்டனா? எப்பச் சொன்னேன்? இப்பவா?" கண்ணாடியைக் கழற்றினாள். நெற்றியைத் தேய்த்தாள். "மகன் சொல்லுதது சரிதான் போல. எனக்குப் புத்தி பேதலிச்சுத்தான் போச்சு. இப்ப சொன்னது இப்ப மறந்துபோவுது. இப்படி இருந்தா தனியா எப்படி இருக்கது. கோயம்புத்தூருக்கே போயிருதேன்" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கக் கையை நீட்டினாள். ஆமா அத்தை, நேத்து சொன்னீங்கள்ளா, நீங்கதான் மறந்துட்டீங்க. அது போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது, சொன்னால் தீர்ந்தது. இதைப் போல நம்புகிற மாதிரி வரி எழுத மங்கையைவிட யார் இருக்கிறார்கள்? ஆவுடை அத்தை இதை நம்புவாளா? நம்புவாள். இப்போதே நம்பிவிட்டாள், மங்கை எழுத வேண்டிய வசனத்தை அத்தையே எழுதி அத்தையே வாசித்துக்கொண்டுவிட்டாள். இனி அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் புத்தி ஒன்றுதான், அதையும் மங்கையின் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல அத்தை" என்றாள் மங்கை. பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இல்ல. நீங்க சொல்லல. ஒங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல. நீங்க இத யார்ட்டயும் சொல்லல." அத்தை நீட்டின கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கை கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள், அந்த மெயிலைத் திறந்தாள், கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, எழுத்தைப் பெரிசாக்கி அவள் மடியில் வைத்தாள். அத்தை திரும்பவும் கண்ணாடி மாட்டினாள். விரலை வைத்து வாசித்தாள். பிறகு மேலே தள்ளி வாசித்தாள், மங்கை கற்றுக்கொடுத்த மாதிரியே ஒற்றை விரலால் தள்ளி. சாப்பிட்டீங்களாம்மா. நேர்காணல். அந்த இடத்தில் வெகுநேரம் நின்றாள். எங்கே நிற்கிறாள் என்று மங்கைக்குத் தெரிந்தது. சுவர் ஓரம், முறத்தில் கீரை, எதுக்கு கேக்க. உள்ளே ஃபோன் அடித்தது, யாரோ எடுத்தார்கள். "ட்ரெய்னிங்குன்னு சொன்னான் அத்தை" என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். ஃபேன் சுற்றியது. "லைன்லயே இருக்கேன்னு சொன்னானே" என்றாள் அத்தை, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுவும் நீதானா?" "நான்தான்." அத்தை தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு ஒத்துப்போன மாதிரி. மஞ்சப்பையை மடியிலிருந்து எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். பெஞ்சில் அந்த அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.

"பதினாலு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அத்தை பெஞ்சின் கம்பியைப் பிடித்து எழுந்தாள். மங்கை பழக்கத்தில் கையைக் கொடுத்தாள், அத்தை அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. பேனாவை வாங்கி, தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள், போஸ்டருக்குப் பக்கத்தில், நடுங்காமல். போனை மங்கையிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீயே கொண்டா. நீயே சொல்லு. எனக்கு அதெல்லாம் அவகிட்டச் சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மங்கை பின்னால் போனாள். பெண் போலீஸ் நிமிர்ந்து பார்த்து, இரண்டு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றாள். அத்தை உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்த போலீஸ்காரிக்கு என்ன தோன்றியதோ, டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு, "என்னம்மா இப்படி வாடிப்போய் இருக்கீங்க, காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இவள் யாராக இருக்கும் என்று, எதற்குக் கேட்கிறாள் என்று, ஆவுடை அத்தை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.